நட்டைப் பிடித்திருப்பவள்

"பிடிச்சிருக்கியா?" காருக்கு அடியிலிருந்து குரல் வருகிறது. பிடித்திருக்கிறேன் என்கிறேன். ஒன்பதரை மணியிலிருந்து இந்த ஒரு பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது பதினொன்றேகால். அடுப்பில் ஒன்றும் ஏறவில்லை, காலையில் வாங்கிய ஊளி மீன் ஐஸ் உருகித் தொட்டியில் கிடக்கிறது, பின்வாசலில் பூனை முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நான் பானெட்டுக்குள் இடுப்பு வரை குனிந்து, இடது கையால் ரேடியேட்டரின் நெற்றியை அமுக்கிக்கொண்டு, வலது கையால் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனரை ஒரு நட்டின் தலையில் மாட்டி நிற்கிறேன். என் வேலை அவ்வளவுதான், நட்டு சுற்றாமல் பார்த்துக்கொள்வது. அதே போல்ட்டின் தலை கீழே இவரிடம். நடுவில் ஒரு சாண் இரும்பு. இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டதாம், ஸ்டார்ட் பண்ணினால் வண்டி குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறுகிறதாம், ரப்பரை மாற்ற இந்த ஒரு போல்ட் கழன்று வரவேண்டுமாம். மற்றவை நேற்றே வந்துவிட்டன. இது வரவில்லை. ஆறு மாதம் ஓடாமல் நின்ற கார், கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு, தூத்துக்குடிக் காற்று ஜன்னல் கம்பியையே அரித்து எடுத்துவிடும், போல்ட் எம்மாத்திரம். மூன்று நாளாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தார், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற பக்தியோடு. சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மெக்கானிக் ஆவுடையப்பன் நேற்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் வச்சு அறுத்துருவோம் சார், அஞ்சு நிமிஷம்" என்றான். அதற்கு இவர், "நான் அவிழ்க்காத போல்ட்டாடே?" என்று அவனை அனுப்பிவிட்டார். அனுப்பியாயிற்று. இப்போது நான் பிடித்திருக்கிறேன்.

"இழுக்கேன், பிடி." இழுக்கிறார். ஸ்பேனர் என் உள்ளங்கையில் ஒரு தடவை உந்துகிறது, நிற்கிறது. வரவில்லை. பிறகு ஓர் அமைதி. இந்த அமைதிதான் என்னைக் கொல்கிறது. இழுக்கும்போது முனகல் கேட்கும், ஸ்பேனர் உரசும், ஆள் இருப்பது தெரியும். இழுத்து முடித்த பிறகு ஒன்றும் இருக்காது. நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து வரை பொறுப்பேன், அதற்கு மேல் என் தொண்டை தானாகத் திறந்துவிடும். "ஏங்க, இருக்கீங்களா?" "எங்கட்டி போவேன், அடியில வேற வாசலா இருக்கு?" நக்கல் வந்தால் நல்லது. நக்கலுக்கு மூச்சு வேண்டும். மூச்சு இருந்தால் இருதயம் ஓடுகிறது, இருதயம் ஓடினால் உள்ளே வைத்த அந்தக் கம்பிச்சுருள் தன் இடத்தில் இருக்கிறது. டாக்டர் படம் வரைந்து காட்டினார், பேனா ஸ்பிரிங் மாதிரி ஒன்று, அதுதான் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறதாம். பேனா ஸ்பிரிங்கை நம்பி ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். படி ஏறலாமா என்று கேட்டேன், மெதுவாக ஏறலாம் என்றார். பளு தூக்கலாமா, ஆறு மாதத்துக்கு வேண்டாம். கார் ஓட்டலாமா, ஆறு மாதம் போகட்டும், பார்ப்போம். துருப்பிடித்த போல்ட்டை மல்லாந்து படுத்துக்கொண்டு அவிழ்க்கலாமா என்று கேட்கத் தோன்றவில்லை. கான்வென்ட்டில் பத்து வருஷம் கேள்வி கேட்கப் பழக்கினார்கள், கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்காமல் வந்தேன். ஆறு மாதம் நேற்று வியாழக்கிழமையோடு முடிந்தது. இல்லை, நேற்று வெள்ளி. இன்று சனி. நாளைக்கு ஞாயிறு, காலைப் பூசை முடிந்து மணப்பாட்டுக்கு இவர் தங்கச்சி வீட்டுக்குக் காரில் போகிறோம் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மஸ்கட்டில் இருக்கிற நெவிலுக்கு போன் போட்டு, "உங்கப்பன் நாளைக்கு வண்டி எடுக்கான்ல" என்று ஒரு முழக்கம். அவன் அங்கிருந்து, "சூப்பர்ப்பா" என்கிறான். சூப்பராம். அவனா பக்கத்து சீட்டில் உட்காரப்போகிறான்?

ஆறு மாதத்துக்கு முன்னால் அன்றைக்குப் பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். உப்பளச் சாலை, சாயங்காலம் நாலு மணி இருக்கும், இரண்டு பக்கமும் பாத்திகளில் வெள்ளை வெயில். நான் ஏதோ திட்டிக்கொண்டு வந்தேன், என்ன என்று இப்போது ஞாபகமில்லை, அதுதான் கொடுமை, பதில் வரவில்லை என்றதும் இன்னும் உரக்கத் திட்டினேன். திரும்பிப் பார்த்தால் முகம் ஈரச் சிமெண்ட் நிறத்தில் இருக்கிறது. கை ஸ்டீயரிங்கில் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை, வைத்திருக்கிறது. கார் தானாகச் சாலையை விட்டு இறங்கியது, அவசரமே இல்லாமல், யாரோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி. ஹேண்ட் பிரேக்கை நான் இழுத்தேன். எப்படி இழுத்தேன் என்று தெரியாது. முன்சக்கரம் பாத்திக்குள் ஒரு முழம் இறங்கி நின்றது. உப்பு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இவர் விரல் வீங்கிக் கல்யாண மோதிரம் கழலவில்லை. நர்ஸ் பிள்ளை சோப்பு போட்டாள், எண்ணெய் விட்டாள், நூல் சுற்றி இழுத்தாள், கடைசியில் ஒரு சின்னக் கட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். டக் என்று ஒரு சத்தம். முப்பது வருஷம் அசையாதது ஒரு டக்கில் வாய் பிளந்துவிட்டது, நான் அதைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, இனி ஆள் வரமாட்டார், மோதிரத்தைக் கொடுத்துவிட்டார்கள், மோதிரத்தைக் கொடுத்தால் ஆளைக் கொடுக்க மாட்டார்கள் என்று நிச்சயமாக இருந்தேன். வந்துவிட்டார். வந்தவர் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும், அதற்குத் திறக்காது.

"பிடி." பிடித்திருக்கிறேன். இழுக்கிறார். வரவில்லை. ஒன்று, இரண்டு. எண்ணிக்கொண்டே கண் தானாக வலது பக்கம் போகிறது, அங்கேதான் அந்த ஹாலோ பிளாக். வேண்டாம், பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டேன். முற்றத்தில் மணல், மணலின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் ஜாக்கி, ஜாக்கியின் தலையில் இந்த முழுக் கார். துணைக்கு இரண்டு ஹாலோ பிளாக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார், காம்பவுண்டு சுவர் கட்டியபோது மிஞ்சியவை, உள்ளே ஓட்டை, விரலால் சுரண்டினால் உதிரும். மேல் பிளாக்கில் ஒரு கோடு இருக்கிறது. காலையில் இருந்ததா? காலையில் பார்த்தேனா? கோடா, விரிசலா, எறும்பு வரிசையா? காலையிலேயே சொன்னேன், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதே, அதை எடுத்து அடியில் தள்ளுங்கள், ஜாக்கி நழுவினாலும் சக்கரம் தாங்கும், எல்லா ஒர்க் ஷாப்பிலும் அப்படித்தானே செய்கிறார்கள். "லாரியே நிக்கும்ட்டி இந்த ஜாக்கியில. நீ மேல வேலையப் பாரு." லாரி நிற்கட்டும். லாரிக்கு அடியில் என் புருஷன் படுத்திருக்கவில்லை. காரின் முன்னாலிருந்து அவர் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, என் கால்களுக்குப் பக்கத்தில், ரப்பர் செருப்போடு. இடது குதிகாலில் வெடிப்பு. இந்தக் கால்களைப் பார்த்தால் எனக்கு எட்டாம் வகுப்பு வந்துவிடுகிறது, வரவே கூடாது, ஆனால் வருகிறது. ஸ்போர்ட்ஸ் முடிந்து பள்ளி வேனில் வந்துகொண்டிருந்தோம், டயர் போயிற்று, டிரைவர் சூசை அண்ணன் எங்களை இறக்கிவிட்டு ஜாக்கி வைத்தார். சக்கரத்தின் நட்டுகளைத் தொலைக்காமல் வைத்துக்கொள் என்று என் பினஃபோர் மடியில் போட்டார், எனக்குப் பெருமை. பிறகு எதற்கோ வேனின் அடியில் கையை நீட்டினார், தோள் வரை, தலை வரை. சத்தம் பெரியதாக ஒன்றும் வரவில்லை. வேன் உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஒரு பெரிய மனுஷி நாற்காலியில் உட்காருகிற மாதிரி. சிஸ்டர் எர்மினா, "ஐஸ் ஆன் த ஸீ, கேர்ள்ஸ்" என்றார், கண் கடலில் இருக்கட்டுமாம், எல்லோரும் கடலைப் பார்த்து அருள் நிறைந்த மரியே சொன்னோம், நான் கால்களைப் பார்த்தேன். சைக்கிள் மிதிக்கிற மாதிரி அவை மெதுவாக மிதித்தன. சூசை அண்ணன் பிழைத்தார், பிறகு இரண்டு வருஷம் கேட்டில் வாட்ச்மேனாகக்கூட உட்கார்ந்தார், தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், எனக்கு டாட்டா காட்டுவார். பிழைத்தார் என்பதை நான் நினைத்துக்கொள்வதே இல்லை. மிதித்ததைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மனசு நமக்கு வேண்டியதையா எடுத்துக் கொடுக்கிறது? இவர் இடது கால் இப்போது லேசாக அசைந்தது. கொசுவா? கொசுதான். கொசுவாகவே இருக்கட்டும். "ஏங்க!" "என்னட்டி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா கோழி மாதிரி!" சரி. இருக்கிறார்.

கேட்டுக்கு வெளியே செருப்புச் சத்தம், வியாகுலம் மைனி. பக்கத்து வீடு, கறிக்கடைப் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், நிற்காமல் போகிற பழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. "என்ன பவுலின், சமையலக் காருக்குள்ள மாத்திட்டியா?" என்கிறாள். "ஆமா மைனி, இன்ஜின்ல குழம்பு வைக்கேன், வாங்க உப்பு பாக்க" என்கிறேன். "சில்வெஸ்டர் எங்க?" "அடியில." "எதுக்கு அடியில?" "கார் அடியில மைனி, வேற எதுக்கு அடியில." அவள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்க்கிறாள், நிமிர்கிறாள், குரலைத் தாழ்த்துகிறாள், தாழ்த்தினாலும் கடற்கரை வரை கேட்கும். "நெஞ்சுக்குள்ள கம்பி வச்சிருக்க ஆள இப்படிப் படுக்கப் போட்டிருக்க? எங்க சின்னையா இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு தேங்கா உரிச்சாரு." உரித்தவர் என்ன ஆனார் என்று அவள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. "நான் படுக்கப் போடல மைனி, அவராத்தான் படுத்தாரு. கறி வெயில்ல நிக்குது பாருங்க" என்கிறேன். அடியிலிருந்து இவர் குரல், "மைனி, நாளைக்கு மணப்பாடு போறோம், கருப்பட்டி வேணும்னா சொல்லுங்க!" "முழுசா வெளிய வாரும் முதல்ல!" என்று சொல்லிவிட்டு மைனி போகிறாள். செருப்புச் சத்தம் தேய்கிறது. தேங்காய் உரித்த சின்னையா போகவில்லை, இங்கேயே நிற்கிறார், என் பக்கத்தில், மட்டையும் கையுமாக.

"பிடி." இழுக்கிறார். இதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எனக்குத் தெரிகிறது. இரும்பு வழியாகத் தெரிகிறது. இந்தப் போல்ட்டின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில், அவர் இழுக்கிறது அத்தனையும் ஒரு சொட்டு சிந்தாமல் என் உள்ளங்கைக்கு வந்து சேருகிறது. ஒன்பதரை மணிக்கு இழுத்த இழுப்பில் என் மணிக்கட்டு ஒடிந்துவிடும் போலிருந்தது, பெரிய சீலா மீன் தூண்டிலில் அடிக்கிற மாதிரி. பத்து மணிக்குக் கொஞ்சம் குறைந்தது. பத்தரைக்கு இன்னும் குறைந்தது. இப்போது வருவது ஓர் இழுப்பே இல்லை, உறக்கத்தில் குழந்தை விரலைப் பிடித்து ஒரு தரம் நெருக்கிவிட்டு விடுமே, அவ்வளவுதான். முனகல் மட்டும் முன்னைப் போலவே பெரிதாக வருகிறது. முனகல் பொய், ஸ்பேனர் உண்மை. ஈசிஜிக் காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டினார்களே, அதைவிடத் தெளிவாக என் கையில் கோடு விழுகிறது, அந்தக் கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. முப்பது வருஷம் படகு இன்ஜின் பட்டறையில் இருந்த கை இது. உப்புத் தண்ணீரில் பத்து வருஷம் ஊறிக் கல்லாகிப்போன போல்ட்டையெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவிழ்த்த கை. அந்தக் கை இப்போது காலியாகிக்கொண்டிருக்கிறது, காலியாவது அவருக்குத் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிகிறது, நான் மீன் கெட்டுப்போவதைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே வாருங்கள் என்றால் வரமாட்டார். வீம்பு. ஆவுடையப்பனைக் கூப்பிடவா என்றால் குரலை உயர்த்துவார், உயர்த்தினால் இரத்த அழுத்தம் ஏறும். எப்படி வரவழைப்பது? கழன்றுவிட்டால் வருவார். கழன்றுவிட்டது என்று நினைத்தாலும் வருவார்.

"இழுக்கேன்." நான் பிடிக்கவில்லை. பிடித்த மாதிரி கையை வைத்துக்கொண்டு ஸ்பேனரை அவர் இழுப்போடு போகவிட்டேன். போல்ட்டும் நட்டும் ஒன்றாக, கட்டிப்பிடித்துக்கொண்டு, ரப்பரின் துளைக்குள் ஒரு கால் சுற்று சுற்றின. பொய் சொன்னால் நாக்கில் கரும்புள்ளி வரும் என்று சிஸ்டர் சொல்வார், கையால் சொன்ன பொய்க்கு எங்கே வருமோ. இப்போது கத்துவார், கழண்டிருச்சுட்டி என்று கத்துவார், சிரிப்பார், பட்டறையில் அப்படித்தான் கத்துவாராம். கத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஏன் கத்தவில்லை? ஐந்து. சந்தோஷத்தில் இருதயம் நின்றுவிடுமா, நிற்கும், பத்திரிகையில் படித்திருக்கிறேன், லாட்டரி விழுந்தவன். "ஏங்க!" "சுத்துச்சே" என்கிறார். குரல் மெலிந்திருக்கிறது, அடிபட்ட குரல். "ஆமா, கழண்டிருச்சு, போதும், வெளிய வாங்க, மிச்சத்த ஆவுடையப்பன் பாத்துக்கிடுவான்." "நட்டு மேல ஏறுதா, பாரு. மரை தெரியுதா?" பார்க்கிறேன். நட்டு ஒரு மயிரிழைகூட ஏறவில்லை, அதே துரு, அதே இடம். தெரிகிறது என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. "தெரியல" என்கிறேன், பத்து வருஷக் கான்வென்ட் இந்த இடத்தில்தான் காலை வாரும். கீழே ஒரு நீண்ட மூச்சு விடுகிற சத்தம். "ஏட்டி, நீ கைய விட்டுட்ட." கோபம் வரவேண்டிய இடத்தில் கோபம் இல்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, கேலி பண்ணுகிறார் என்று நினைத்தேன். வாய் திறந்துகொண்டது. "ஆமா விட்டேன். பின்ன என்ன செய்ய? உங்க கையில ஒண்ணுமே இல்ல. சும்மா முனகுதீங்க, இங்க மேல வரைக்கும் தெரியுது எனக்கு. செத்துகித்துப் போனா, மோதிரத்தையும் அறுத்தாச்சு, அடையாளத்துக்கு எதக் காட்ட?" சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. செருப்புக் கால்கள் மணலை உந்தின. இடுப்பு வந்தது, வயிறு வந்தது, நெஞ்சு வந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, அதை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன், பிறகு முகம். முகத்தில் துருத் தூள். என்னைப் பார்க்கவில்லை.

டயரில் முதுகைச் சாய்த்து மணலில் உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். "சரி, விடு" என்கிறார். "நாளைக்குப் போகாட்டி என்ன? பஸ்ல போவோம். இல்லாட்டி அடுத்த மாசம் போவோம். போல்ட் இன்னும் நல்லா ஊறட்டும்." அடுத்த மாதமாம்! தெருவெல்லாம் தண்டோரா போட்டவர், மைனிக்குக் கருப்பட்டி வாங்கிவர ஒத்துக்கொண்டவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரமாக முதுகு ஒடிய நின்றது இதற்கா? அதோடு உள்ளுக்குள் இன்னொன்று, அவரைப் பார்க்க முடியவில்லை, நான் சொன்ன சொல்லால்தான் ஆள் இப்படிச் சுருங்கி உட்கார்ந்திருக்கிறார், அந்தப் போல்ட் வந்துவிட்டால் சொன்னது இல்லையென்று ஆகிவிடும். "தள்ளுங்க, நான் இழுக்கேன். நீங்க மேல பிடிங்க" என்றேன். "நீயா?" "ஊறுகாய் பாட்டில் மூடிய இந்த வீட்டுல யாரு திறக்கா?" "வேண்டாம்ட்டி. ஜாக்கி..." "ஜாக்கிக்கு என்ன? லாரியே நிக்கும்லா?" அவர் எழுந்துவிட்டார். டிக்கியைத் திறந்தார், ஸ்டெப்னியை வெளியே இழுத்தார், தூக்காதீங்க, உருட்டுங்க என்று நான் கத்தக் கத்த உருட்டிக்கொண்டு வந்து அடியில் படுக்கப் போட்டுத் தள்ளினார். அதன்மேல் பலகை வைத்தார். ஜாக்கியைக் கையால் தட்டிப் பார்த்தார், பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார், கொடுத்த கல்லை உதைத்துப் பார்த்தார், திரும்பவும் ஜாக்கிக்கு வந்தார். தனக்குத் தேவைப்படாததெல்லாம் எனக்கு என்றதும் வந்துவிடுகிறது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எட்டாம் வகுப்புக் கால்கள் என் காலாகப்போகின்றன என்பது உறைத்தது. எழுந்துவிடலாம். வாயைக் கொடுத்தாயிற்று. மல்லாந்து படுத்து, முழங்கையால் உந்தி உந்தி, சேசுவே என்று உள்ளே போனேன்.

அடியில் குளிர்ச்சி. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மேலே வெயிலும் மீனும் மைனியும், இங்கே மணல் முதுகில் ஜில்லென்று இருக்கிறது, எண்ணெய் வாசம், மண்ணெண்ணெய் வாசம், மூக்குக்கு நாலு விரல் மேலே இரும்பு வயிறு, முழுக்கத் துரு, சொறிநாய் மாதிரி. இது இறங்கினால் என் முகம் முதலில், பிறகு நெஞ்சு. கத்த நேரம் இருக்காது. சூசை அண்ணன் கத்தவில்லை. ஸ்டெப்னி தாங்கும். தாங்குமா? தாங்கும் என்று நான்தானே காலையில் பிரசங்கம் பண்ணினேன். மூச்சு விட்டால் துரு கண்ணில் விழுகிறது. போல்ட்டின் தலை இதோ, ஆறு முனையும் கூராக, ஸ்பேனர் மாட்டினால் கச்சிதமாக உட்காருகிறது. "பிடிச்சிட்டீங்களா?" "பிடிச்சிட்டேன். பாத்து." இழுத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் இரண்டு கையாலும். ஒன்றுமில்லை, ஆனால் மேலே அவர் பிடித்திருப்பது தெரிந்தது, கல்லில் அறைந்த ஆணி மாதிரி ஒரு பிடி. மூன்றாம் தரம் ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி, இரண்டு மணி நேர எரிச்சலையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். படார்.

விழுந்துவிட்டது. கார் விழுந்துவிட்டது, நான் செத்துவிட்டேன், மீன் தொட்டியில் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். வாயில் துரு, நாக்கில் உப்பு. மூச்சு விட இடம் இருக்கிறது. நெஞ்சு ஏறுகிறது, ஒன்றும் தட்டவில்லை. கண்ணைத் திறந்தால் இரும்பு வயிறு அதே நாலு விரலில். விழவில்லை. ஸ்பேனர்தான் நகர்ந்திருக்கிறது. மாட்டியபோது என் காதுப் பக்கம் நின்றது, இப்போது தாடைக்கு நேரே நிற்கிறது. போல்ட்டின் தலைக்குக் கீழே ஒரு மெல்லிய வளையம் பளபளவென்று, துரு உரிந்த புது இரும்பு. இன்னும் ஒரு தரம், பயத்தோடு, விரல் நுனியால் இழுத்தேன். சுற்றியது. வெண்ணெயில் கத்தி. வந்துவிட்டது! எப்படி? என் கைக்கு. சப்பாத்தி மாவு பிசைகிற கைக்கு, மூன்றே இழுப்பில். இரண்டு மணி நேரம் பட்டறைக் கை இழுத்து வராதது. கத்த வாயைத் திறந்தேன், மேலிருந்து அவர் முந்திக்கொண்டு கத்துவார் என்று ஒரு நொடி விட்டுக்கொடுத்தேன். அவர் கையில்தானே மறுமுனை, முதலில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். பிடித்திருக்கிற ஆளுக்கு எல்லாம் தெரியும், என்னைவிட யாருக்கு அது தெரியும். படார் என்ற சத்தம் மைனி வீட்டுக்கே கேட்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினின் இடுக்கு வழியாக மேலே ஒரு கீற்று வெளிச்சம், அதில் அவர் சட்டைத் துணி கொஞ்சம், அது அசையவில்லை. பிறகு குரல் வருகிறது, மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு.

"இன்னும் வரல போலிருக்கு."

படுத்துக்கொண்டே அந்த வெளிச்சக் கீற்றைப் பார்க்கிறேன். ஒன்பதரை மணி இழுப்பு, பத்து மணி இழுப்பு, பத்தரை மணி இழுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக என் உள்ளங்கைக்குத் திரும்ப வருகின்றன. கை காலியாகவில்லை. இவர் இழுக்கவே இல்லை. முதலில் இழுத்தார், அது வந்துவிடுமோ என்று பட்டதும் கையைச் சுருக்கிக்கொண்டார், முனகலை மட்டும் எனக்கு அனுப்பினார். வண்டி உதறுகிறது என்று கண்டுபிடித்தாரே, அன்றைக்குக்கூட டிரைவர் சீட்டில் உட்காரவில்லை, வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுத்தான் சாவியைத் திருப்பினார், சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஆவுடையப்பனை விரட்டியது வீம்பு என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றானே, அதுதான். முடிந்துவிட்டால் நாளைக்கு அந்தச் சீட்டில் ஏறி உட்கார வேண்டும். அந்தச் சாலை வழியாக, அந்த வெள்ளை வெயிலில், ஸ்டீயரிங்கில் கையை வைத்து, பக்கத்தில் என்னையும் வைத்துக்கொண்டு. இந்த ஜாக்கியையும் உதிர்கிற பிளாக்கையும் நம்பி இவ்வளவு நேரம் குளிர்ந்த மணலில் படுத்திருந்தார், அங்கே உட்காருவதைவிட இது அவருக்குப் பயம் குறைவாக இருந்திருக்கிறது. கேட்டிருக்கலாம். ஆறு மாதமாக ஒரே பாயில் படுக்கிறோம். ஒரு நாள் கேட்டிருக்கலாம்.

"பவுலின்?"

"ஆமாங்க" என்கிறேன். "வரல. சரியான துரு."

மேலே மூச்சு விடுகிற சத்தம். "நான்தான் சொன்னம்லா" என்கிறார். ஸ்பேனரைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறேன். அது அவருக்குக் கேட்கும். எந்தப் பக்கம் சுற்றப்போகிறேன் என்பதும் தெரியும், முப்பது வருஷம் இதுதானே தொழில். "பிடிங்க" என்கிறேன். வலப்பக்கமாக இழுக்கிறேன், இறுகுகிறது. இன்னும் ஒரு கால் சுற்று. இன்னும் கொஞ்சம். மேலே அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிடி மட்டும் இரும்பு வழியாக இறங்கி வந்துகொண்டிருக்கிறது, நடுக்கமில்லாமல், நல்ல பலமாக.